நல்ல நாளில் எவ்வளவு நடப்பது?

ஃபைப்ரோமயால்ஜியா இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் நமக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒரே வரிதான்: உடற்பயிற்சி செய்யுங்கள். டாக்டர் சொல்வார், நாத்தனார் சொல்வார், கோவிலில் பார்க்கிறவர்களும் சொல்வார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் எவ்வளவு செய்வது, எங்கே நிறுத்துவது, மறுநாள் எழுந்திருக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் வருவதில்லை. விடுபட்டுப் போகும் அந்தப் பகுதியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நான் டாக்டர் இல்லை. கும்பகோணத்தில் பிறந்து, கல்யாணமாகி மொரிசியஸுக்கு வந்து, இங்கே ஓர் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவள். பல வருஷமாக இந்த வலியோடு இருக்கிறேன், இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன்.

இந்த நோயில் எக்ஸ்ரே எடுத்தாலும் ரத்தப் பரிசோதனை செய்தாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் உடம்பு முழுக்க அடித்துப் போட்ட மாதிரி வலிக்கும். எவ்வளவு தூங்கினாலும் தூங்கிய மாதிரி இருக்காது. பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்த வார்த்தை மறந்துபோகும். தசையிலோ மூட்டிலோ சேதம் இல்லை. வலிச் செய்தியைக் கையாளும் மூளையும் தண்டுவடமும் அதை அளவுக்கு மீறிப் பெரிதாக்கிவிடுகின்றன. இப்படிப்பட்ட வலிக்கு 2017இல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் ‘நோசிபிளாஸ்டிக்’ வலி என்று தனிப் பெயரே கொடுத்துவிட்டது. ‘எல்லாம் உன் நினைப்புதான்’ என்று சொல்கிறவர்களுக்கு இது ஒன்றே பதில்.

அதே 2017இல் ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் அமைப்பான யூலார், இந்த நோய்க்கான சிகிச்சைப் பரிந்துரைகளைப் புதுப்பித்தது. மாத்திரைகள், மனநலச் சிகிச்சை, அக்குபங்சர் என்று பலவற்றை அலசினார்கள். அவற்றில் ‘செய்து பார்க்கலாம்’ என்ற அளவில் நின்றவை பல. உறுதியாகச் செய்யுங்கள் என்று அவர்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான், உடற்பயிற்சி. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் நாள்பட்ட வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. இந்த வகை வலிக்கு பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவற்றையும் மார்ஃபின் வகையான ஓபியாய்டு மாத்திரைகளையும் புதிதாகத் தொடங்க வேண்டாம், உடற்பயிற்சியைக் கொடுங்கள் என்கிறது. ஆகவே உடற்பயிற்சி வேண்டுமா வேண்டாமா என்று பேசி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. கேள்வி அளவைப் பற்றியதுதான்.

அளவு என்றதும் எல்லோரும் மோசமான நாளை நினைத்துக் கவலைப்படுகிறார்கள். என் கவலை நல்ல நாளைப் பற்றி. மோசமான நாளில் நாம் எப்படியும் படுத்துவிடுவோம், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல நாளில்தான் ஆபத்து. காலையில் எழுந்ததும் உடம்பு லேசாக இருக்கும், தலை தெளிவாக இருக்கும். உடனே தள்ளிப்போட்ட வேலையெல்லாம் நினைவுக்கு வரும். எங்கள் கோவிலுக்கு வரும் அக்கா ஒருவருக்கும் இதே நோய். அவர் ஒருமுறை சொன்னார்: “உடம்பு நல்லா இருந்துட்டா போதும்மா, அன்னைக்கே ஒட்டடை அடிச்சு, திரைச்சீலை தோய்ச்சு, சந்தைக்கும் போயிட்டு வந்துடணும்னு தோணுது. அப்புறம் மூணு நாளு யாரும் என்னைப் பார்க்க முடியாது.” நம்மில் அநேகமாக எல்லோருக்கும் வாரங்கள் இப்படித்தான் போகின்றன. ஒரு நாள் அள்ளிச் செய்வது, மூன்று நாள் விழுந்து கிடப்பது. இப்படியே போனால் மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது உடம்பு பெலம் குறைந்துதான் இருக்கும்.

நான் போன பிசியோதெரபிஸ்ட் இளம் பெண். இந்த ஊர் மொழியான கிரியோலில் பேசுவார், அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். முதல் நாள் என்னிடம் கேட்டது, “மிஸ், நல்ல நாளில் எவ்வளவு நேரம் நடக்க முடியும்? மோசமான நாளில் எவ்வளவு?” நல்ல நாளில் அரைமணி, மோசமான நாளில் எட்டு நிமிஷம் என்றேன். அவர் அரைமணியை எழுதிக்கொள்ளவே இல்லை. எட்டை எழுதி, அதிலிருந்தும் கொஞ்சம் குறைத்து, “ஆறு நிமிஷம். நல்ல நாளிலும் ஆறு, மோசமான நாளிலும் ஆறு. ஆறு முடிந்ததும் நன்றாக இருந்தாலும் வீட்டுக்குப் போய்விடுங்கள்” என்றார். கிளம்பும்போது “தூஸ்மா, தூஸ்மா” என்று இரண்டு தடவை சொன்னார். மெதுவாக, மெதுவாக.

நன்றாக இருக்கும்போது ஏன் நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். காரணம் இருக்கிறது. இந்த நோயில் உடம்பு கணக்கைத் தாமதமாகத்தான் காட்டும். இன்று அதிகமாகச் செய்ததன் வலி இன்று வராது. நாளைக்கு வரும், சில சமயம் நாளன்றைக்கு வரும். அதனால் நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் உடம்பைக் கேட்டு நிறுத்துவது நடக்காத காரியம். கேட்கும்போது அது நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்லும். அளவை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு புறப்பட வேண்டும், கடிகாரத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். கூடுதல் வலி தணிந்து, அதே அளவை மறுபடி செய்ய முடிகிறதென்றால் அளவு சரி. முடியவில்லையென்றால் மூன்றில் ஒரு பங்காவது குறைத்துக்கொள்ள வேண்டும். கூட்டும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்ட வேண்டாம், ஒரு வாரமோ இரண்டு வாரமோ அதே அளவில் நின்ற பிறகுதான் கூட்ட வேண்டும். ஆறு நிமிஷத்திலிருந்து இருபதுக்கு வர மாதக்கணக்கில் ஆகும். ஆகட்டும். தேசம் தேசமாக ஆய்வுகள் சொல்லும் பலனெல்லாம் மாதக்கணக்கில் விடாமல் செய்தவர்களுக்குக் கிடைத்த பலன்தான்.

ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வலித்தால்தான் பலன் என்று சொல்லிக்கொண்டே எண்ணிக்கையைக் கூட்டும் பயிற்சியாளர் ஒருவரிடம் கொஞ்ச காலம் போனேன். நல்ல உடம்புக்காரர்களுக்கு அவர் சொல்வது ஓரளவு பொருந்தும். அவர்கள் ஒரு தசையை இறுக்கிப் பிடித்தால் அந்த நேரத்தில் வலி உணர்வு மட்டுப்படும், உடம்பே அப்படி ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. நம்மில் பலருக்கு அந்த ஏற்பாடு சரியாக வேலை செய்வதில்லை. இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க வலி கூடவும் செய்யும். அதனால் ஒரே நிலையில் வெகுநேரம் நிற்பது, பிளாங்க் போன்று அசையாமல் தாங்குவது, யோகாசனத்தில் மூச்சு எண்ணி எண்ணி நீட்டித்துக்கொண்டே போவது எதுவும் ஆரம்பத்தில் வேண்டாம். செய்துவிட்டுத் தளர்த்த வேண்டும், கொஞ்சம் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும்.

இதைப் படித்த பிறகுதான் கரும்பலகையைப் பற்றி யோசித்தேன். அ, ஆ எழுதிக் காட்ட வலது கை தோளுக்கு மேலே தூக்கியபடியே இருக்கும். சாயங்காலத்துக்குள் கழுத்திலிருந்து முழங்கை வரைக்கும் கல்லாகிவிடும். இப்போது பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதுகிறேன். ஒரு வரி எழுதியதும் கையைத் தொங்கவிட்டு, பிள்ளைகளை வாசிக்கச் சொல்கிறேன். அவர்கள் வாசித்து முடிக்கிற நேரம் என் தோளுக்கு ஓய்வு. ஒட்டடை அடிப்பது, கொடியில் துணி காயப்போடுவது, அலமாரியின் மேல்தட்டில் பாத்திரம் அடுக்குவது எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். வீட்டு வேலையை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்காமல் விடுவதால்தான் பலருக்குக் கணக்கு உதைக்கிறது. சந்தையில் ‘தாந்த்’ என்கிற கூடைப்பை நிறைய காய்கறி வாங்கி ஒரே தோளில் மாட்டிக்கொண்டு வந்த நாளில் நடைப்பயிற்சி வேண்டாம், நடந்தாகிவிட்டது. இரண்டு பையாகப் பிரித்து இரண்டு கையிலும் தூக்கினால் அதுவே ஒரு நல்ல பயிற்சி.

இறங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோர் தெ கார்ட் மலைச் சரிவில் இருக்கும் முருகன் கோவிலுக்குப் போகிறவர்கள் ஏறுவதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். தொடைத் தசையைப் பதம் பார்ப்பது இறக்கம். இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அப்படித் தாங்கும் வேலைதான் யாருக்கும் மறுநாள் வலியை அதிகமாகக் கொடுக்கும். நமக்கு அது இரட்டிப்பு. படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து, ஒரு படியில் இரண்டு காலும் வைத்து இறங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டில் எடை தூக்கிப் பழகுகிறவர்களும் இதே காரணத்துக்காக, தூக்குவதைவிட இறக்குவதை லேசாக வைத்துக்கொள்ளலாம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் தாராளம். எடைப் பயிற்சி பெண்களுக்கு வேண்டாம் என்று நினைக்காதீர்கள். மெல்ல மெல்லக் கூட்டிச் செய்த பெண்களுக்குத் தசை பெலமும் கூடி வலியும் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நடக்கும் இடத்தையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். க்யூர்பீப்பில் த்ரூ ஓ செர்ஃப் எரிமலை வாயைச் சுற்றி ஓடும் பாதை எல்லோருக்கும் பிடித்த நடைபாதை. காற்று சுகமாக இருக்கும். ஆனால் வட்டப் பாதையில் ஒரு சிக்கல் உண்டு. பாதி தூரத்தில் முடியவில்லை என்று தோன்றினால், முன்னே போனாலும் பின்னே வந்தாலும் அதே தூரம்தான். நமக்கு ஏற்றது, எந்த இடத்திலும் திரும்பிவிடக்கூடிய, நடுவில் உட்கார பெஞ்சு இருக்கிற, சமதளமான சின்னப் பாதை. என்னைப் போல ஆறு நிமிஷத்தில் தொடங்குகிறவர்கள் மூன்று நிமிஷம் போய் மூன்று நிமிஷம் திரும்பினால் சரியாக இருக்கும். மேட்டுநிலத்து ஊர்களில் ஜூலை, ஆகஸ்டில் சாரலும் குளிரும் சேர்ந்து உடம்பை இறுக்கிவிடும். அந்த மாதங்களில் வீட்டுக்குள்ளேயே கை காலை அசைத்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு வெளியே போவது நல்லது. கோடையில் நேர்மாறு, வெயில் தாழட்டும், அல்லது விடிந்ததும் போய்விட வேண்டும்.

இந்தத் தீவில் இருப்பதால் நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வரம் கடல். வேறு ஊர்களில் இதற்காகவே வெந்நீர்க் குளம் கட்டி, 32 முதல் 34 டிகிரி வரை சூடாக்கி, பணம் வாங்கிக்கொண்டு விடுகிறார்கள். இங்கே பவளப்பாறைத் திட்டுக்கு உள்ளே தண்ணீர் அலையில்லாமல் கிடக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உடம்பின் பாரம் பாதியாகும். கழுத்தளவுக்குப் போனால் பத்தில் ஒரு பங்குதான் காலுக்கு வரும். முழங்கால் வலியால் தரையில் நடக்க முடியாதவர்கள்கூட மார்பளவு தண்ணீரில் முன்னும் பின்னும் நடக்கலாம். நீச்சல் தெரிய வேண்டும் என்பதே இல்லை. தண்ணீர் எல்லாப் பக்கமும் சமமாக எதிர்ப்பதால் கையை வீசி நடப்பதே தசைப் பயிற்சியும் ஆகிவிடுகிறது.

ஆனால் கடலில்தான் அளவு மீறுவதும் சுலபம். பாரமே தெரியாததால் நேரமும் தெரியாது. நாங்கள் ஃபிளிக் ஆன் ஃபிளாக் போகும்போது என் வீட்டுக்காரர் கரையில் சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்து நேரம் பார்ப்பார். நேரம் ஆனதும் துண்டைத் தூக்கி ஆட்டுவார். இன்னும் கொஞ்சம் என்று நான் கையைக் காட்டினால் எழுந்து நின்று ஆட்டுவார். தண்ணீரை விட்டு மணலில் கால் வைக்கும் அந்த நொடியில் உடம்பின் பாரம் முழுக்கத் திரும்பி வரும், பத்து அடி நடப்பதற்குள் அவர் கூப்பிட்டது சரிதான் என்று தெரிந்துவிடும். குளிர்காலத்தில் இங்கே கடல் 22, 23 டிகிரிக்கு இறங்கிவிடும். அப்போது உச்சிவேளையில் போய், கையும் காலும் மூடிய உடையோடு, பாதி நேரத்தில் வெளியே வந்து உடனே உலர்த்திக்கொள்ள வேண்டும். ரப்பர் அடி வைத்த கடல் செருப்பு இல்லாமல் தண்ணீரில் இறங்கவே கூடாது. கடல் முள்ளெலியும், இங்கே ‘லாஃப்’ என்று சொல்லும் கல்மீனும் உண்டு. கல்மீன் குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாறைத் திட்டில் இடைவெளி இருக்கும் பக்கம் நீரோட்டம் இழுக்கும், அங்கே போகாதீர்கள். தனியாகவும் போகாதீர்கள்.

கடல் தூரம் என்பவர்களுக்கு, மெல்ல மெல்ல அசைந்து செய்யும் சீனப் பயிற்சியான தாய் சி ஒரு நல்ல வழி. 2010இல் அமெரிக்காவில் 66 பேரை வைத்து 12 வாரம் செய்த சோதனையில் வலியும் தூக்கமும் தேறின. 2018இல் 226 பேரை வைத்துச் செய்த பெரிய சோதனையில், ஏரோபிக்ஸ் பயிற்சிக்கு அது சளைத்ததில்லை என்று தெரிந்தது. எனக்கு இதில் பிடித்தது, எந்த அசைவும் உறைந்து நிற்பதில்லை என்பதுதான்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அமிட்ரிப்டிலின், ப்ரிகாபலின் இரண்டும் தலைசுற்றலைக் கொடுக்கக்கூடியவை, காலையில் அசதியும் இருக்கும். எழுந்ததும் உடனே பயிற்சி வேண்டாம். படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் மெதுவாக எழுந்து, ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் பிறகு நடக்க வேண்டும்.

தைப்பூசக் காவடிக்கு அளவை முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது இன்னும் முக்கியம். ஜனவரி, பிப்ரவரி வெயில், வெறுங்கால், தார் ரோடு, பத்து நாள் விரதம், தலையில் பால்குடம். மேலே சொன்ன அக்காவுக்கு நேர்த்தி இருந்தது, விடவும் மனமில்லை. குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஆற்றங்கரையில் பூஜை முடிந்ததும் மகள் பால்குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். அக்கா காரில் வந்து, கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் இறங்கி, அங்கிருந்து சன்னதி வரைக்கும் குடத்தைத் தான் வாங்கிக்கொண்டார். குடம் தலையில் இல்லை, இரண்டு கையாலும் மார்போடு அணைத்திருந்தார், கையைத் தூக்க வேண்டியிராதபடி. விரதத்தில் மாத்திரையை எப்போது சாப்பிடுவது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைத்திருந்தார். மறுநாள் ஏழு கறிச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கும் கூட்டத்திலும் இருந்தார், நாற்காலியில் உட்கார்ந்து. இதைவிடப் பெரிய பக்தி எனக்குத் தெரியாது.

வலி ஏறும் நாட்கள் எப்படிச் செய்தாலும் வரும். அப்போது முழுக்க நிறுத்திவிடாமல் அளவைப் பாதியாக்கிக்கொள்ளலாம். அதுவும் முடியவில்லையென்றால் படுத்தபடியே கணுக்காலைச் சுழற்றுவது, முழங்காலை மடக்கி நீட்டுவது, தோளைத் தூக்கி இறக்குவது போதும். சைக்ளோன் எச்சரிக்கை வந்தால் பூந்தொட்டிகளை உள்ளே கொண்டுவருவது, வாளிகளில் தண்ணீர் பிடிப்பது, ஜன்னலுக்குப் பலகை அடிப்பது என்று ஒரு வாரத்துப் பயிற்சி ஒரே நாளில் வந்துவிடும். அந்த வேலைகளைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். புயல் கடக்கும்வரை வீட்டுக்குள் அடைந்திருக்கும்போது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதைச் சில தடவை செய்தால் கால் மரத்துப்போகாமல் இருக்கும்.

கடைசியாக, எப்போது இந்த யோசனைகளை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும் என்பது. மூட்டு வீங்கிச் சிவந்தால், காய்ச்சல் அடித்தால், எடை தானாகக் குறைந்தால், ஒரு கையோ காலோ பெலமிழந்தால் அது ஃபைப்ரோமயால்ஜியா கணக்கில் சேராது. நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே நிறுத்திவிட்டு அவசர உதவியைக் கூப்பிட வேண்டும். இன்னொன்றும் உண்டு. கொஞ்சம் நடந்தாலே ஓரிரு நாள் கழித்துத் தசை வலியோடு நிற்காமல், காய்ச்சல் வந்த மாதிரி உடம்பே மொத்தமாகச் சரிந்து, நாட்கணக்கில் வாரக்கணக்கில் எழ முடியாமல் போகிறதென்றால், அது எம்இ எனப்படும் நாள்பட்ட களைப்பு நோயாக இருக்கலாம். இரண்டும் ஒரே ஆளுக்கு வருவதும் உண்டு. அந்த நோய்க்குப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைக் கொடுக்க வேண்டாம் என்று நைஸ் அமைப்பு 2021இல் சொல்லிவிட்டது. அதனால் நான் மேலே எழுதிய கூட்டும் முறை அவர்களுக்குப் பொருந்தாது.

எதில் சேருகிறோம் என்று தெரிந்துகொள்ள ஒரு நோட்டு போதும். இரண்டு வாரத்துக்கு, இன்று எவ்வளவு நேரம் நடந்தேன், என்ன வீட்டு வேலை செய்தேன், இரவு எப்படித் தூங்கினேன், மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலி எப்படி இருந்தது என்று தினம் ஒரு வரி எழுதுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி இலவசம்தான், ஆனால் கூட்டம் அதிகம், நமக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. அந்த நோட்டைக் கையில் கொண்டு போனால், அந்தக் கொஞ்ச நேரத்தில் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருக்காமல் எத்தனை நிமிஷத்தில் தொடங்குவது என்பதையே பேசிவிடலாம்.